ஆளு போட்டிருக்கோம்

கெண்டைக்கால் ரெண்டும் கல்லாக இறுகிப்போய்த்தான் சண்முகப்பிரியா தினமும் பனியன் கம்பெனியிலிருந்து வருவாள். செக்கிங் மேசைக்கு ஸ்டூல் கிடையாது. காலையில் நின்றால் சாயங்காலம் வரை நின்றே துணியில் ஓட்டை தேட வேண்டும். புருசன் வேல்குமார் ஓவர்லாக் டெய்லர். ஆர்டர் நேரத்தில் அவன் முகத்தை மகனே மறந்துவிடுவான். இந்த லட்சணத்தில் அவள் தபாலில் பி.காம். வேறு படித்தாள். ஆபீஸில் கணக்கு எழுதுகிற வேலை வேண்டும். உட்கார்ந்து பார்க்கிற வேலை.

ரெண்டு வயது நித்தீஷை வளர்த்தது பக்கத்து ரூம் பபிதா. பீகார்க்காரி. கம்பெனியிலிருந்து தைத்த பனியன் பண்டல் வாங்கிவந்து வீட்டிலேயே நூல் பிசிறு வெட்டுகிறவள். கத்தரியை எட்டாத உயரத்தில் வைத்துவிட்டு, ரொட்டியைப் பாலில் ஊறவைத்து அவனுக்கு ஊட்டுவாள். காசு நீட்டினால், "போ தீதி" என்று கையைத் தட்டிவிடுவாள். தீதி என்றால் அக்கா. பையன் பபிதாவை மௌசி என்று கூப்பிட்டான். அப்படியென்றால் சித்தி. சண்முகப்பிரியாவே கேட்டுத் தெரிந்துகொண்ட அர்த்தம் அது.

தை மாதம் சிவன்மலையில் பையனுக்குக் காதுகுத்து. பபிதாவையும் வரச் சொல்லியிருந்தாள். மொட்டையடித்து, தாய்மாமன் மோகன்ராஜ் மடியில் உட்காரவைத்து, ஆசாரி ஊசியைக் குத்தினதும் பையன் வீறிட்டான். பெற்றவள் கை நீட்டினாள். அவன் அவளைத் தாண்டிக் கூட்டத்துக்குள் பார்த்து, "மௌசி, மௌசி" என்று கதறினான். பபிதா ஓடிவந்து தோளில் போட்டதும் அழுகை நின்றது. "பானி" என்று இந்தியில் தண்ணீர் கேட்டான்.

சனம் சிரித்தது.

"ஏங்கண்ணு, பையன் இந்திக்காரனாயிட்டானாட்ட இருக்குது," என்றாள் வேல்குமாரின் பெரியம்மா சாமியாத்தாள். "பொண்ணும் அங்கியே பாத்துருவீங்களாக்கும்?"

"அப்பறம் மொய் எழுதறவனும் இந்தி படிக்கோணும்," என்றார் யாரோ.

"அதாரு அந்தப் புள்ள? பெத்தவகிட்ட வராதவன் அவகிட்டப் போறானே?" என்று சாமியாத்தாள் விடவில்லை.

சண்முகப்பிரியாவுக்கு முகம் காந்தியது. "அது ஆளுங்க அத்தை. கொழந்தையப் பாத்துக்க ஆளு போட்டிருக்கோம்."

திருப்பூருக்குப் பிழைக்க வந்த எல்லாரும் முதல் வாரமே கற்றுக்கொள்கிற சொல் அது. ஆளு பத்தல, ஆளு வரல, ஆளு வேணும். பையனின் முதுகைத் தட்டிக்கொண்டிருந்த பபிதாவின் கை நின்றது. அப்புறம் மறுபடி தட்டியது. வேல்குமாருக்கும் காதில் விழுந்தது. அவன் பந்திக்கு இலை போதுமா என்று பார்க்கப் போய்விட்டான்.

திங்கட்கிழமை காலையில் பையனைக் கொண்டுபோனபோது பபிதா வாங்கிக்கொண்டாள்.

"சோறு கட்டிக் குடுத்துடுங்க மேடம்," என்றாள். "சம்பளம் எவ்ளோன்னும் சொல்லிடுங்க. ஆளுன்னா சம்பளம் இருக்குல்ல."

குரலில் கோபமே இல்லை. சூப்பர்வைசரிடம் பேசுகிற குரல் அது. சண்முகப்பிரியா வாயைத் திறந்தாள். தெருமுனையில் கம்பெனி வேன் ஹாரன் அடித்தது.

"நீயே சொல்லு பபிதா, குடுத்தர்றேன்," என்றாள்.

சொன்னதும் நெஞ்சு லேசானது. மன்னிப்புக் கேட்பதற்குச் சம்பளம் கொடுப்பது எவ்வளவோ சுலபம். வேனில் ஏறி உட்கார்ந்த பிறகுதான், தனக்கு அப்படி லேசானதே அவளுக்கு அசிங்கமாக இருந்தது.

இப்போது மாசம் பிறந்தால் கொடுக்கிறாள். பபிதா எண்ணிப் பார்த்து வாங்கிக்கொள்கிறாள். சாயங்காலம் பையன் முகம் கழுவி, பவுடர் போட்டு வாசலில் நிற்கிறான். வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. ஒரு நாள் வேன் முன்னமே வந்துவிட, உள்ளே பேச்சுக் கேட்டுக் கதவோரம் நின்றாள்.

"மௌசி இல்ல," என்றாள் பபிதா பொறுமையாக. "ஆளு. எங்கே, சொல்லு."

"ஆவு," என்றான் பையன்.

சண்முகப்பிரியா தன் ரூமுக்குப் போய், கொஞ்ச நேரம் கழித்து, அப்போதுதான் வருகிறவள்போலச் செருப்பைத் தேய்த்துக்கொண்டு வந்தாள்.

பரீட்சை எழுதினாள்; பாஸும் ஆனாள். சாமியாத்தாள் வீட்டு வளைகாப்பில் அதே சனம் கூடியது. "எங்க கண்ணு, உங்க ஆளு வரலியா?" என்று சாமியாத்தாள் கேட்டாள்.

"இல்லீங்க அத்தை, வேலை இருக்குதாமா," என்று சொல்லிவிட்டு வளையல் தட்டை வாங்கிக்கொண்டாள்.

பபிதாவுக்கு அவள் கொடுக்க வேண்டியது அப்படியே நிற்கிறது: அந்தச் சனத்துக்கு முன்னால், "அவ ஆளு இல்லீங்க, எம் பையனுக்குச் சித்தி" என்று ஒரு வார்த்தை.