உப்புத்தின்னி வீடு

திண்டுக்கல் தோல் மண்டியில், ஒரு மனிதனுக்குப் பெற்றவர்கள் வைத்த பேர் பள்ளிவாசலில் செல்லும், தபால்காரரிடம் செல்லும். வியாபாரத்தில் செல்லாது. அங்கே மண்டி வைத்த பேர்தான் செலாவணி. கோணவாய் வீடு, ஆறுவிரல் வீடு, அரைமீசை வீடு என்று குடும்பத்துக்கு ஒன்று. பிடிக்கவில்லை என்று திருப்பிக் கொடுக்க முடியாது. விற்ற சரக்கு வாபஸ் இல்லை.

கோணவாய் வீடு மதுரையிலும் உண்டு, திருச்சியிலும் உண்டு. வாய் கோணுவது எல்லா ஊரிலும் நடக்கிற காரியம். ஆனால் உப்புத்தின்னி வீடு ஜில்லாவுக்கே ஒன்றுதான்.

தாது வருஷப் பஞ்சத்தில் அந்த வீட்டுத் தாத்தா ஒரு தோல் கிடங்கில் கூலிக்கு இருந்தார். பெண்டாட்டி பசியில் போய்விட்டாள். பிள்ளைகள் இரண்டு மிச்சம். பச்சைத் தோல் கெடாமலிருக்க அப்பியிருந்த உப்பை, மயிரும் கொழுப்பும் ஒட்டினபடியே சுரண்டி, புளிய இலையோடு கொதிக்கவைத்து ஊட்டினார். ஒரு பிள்ளை செத்தது, ஒரு பிள்ளை பிழைத்தது. கிடங்கு முதலாளிக்கு விஷயம் தெரிந்துவிட்டது. அவர் அடிக்கவில்லை. அடித்திருந்தால் நாலு நாளில் ஆறியிருக்கும். கூலிக்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும் சிரித்துக்கொண்டே, "வாடா உப்புத்தின்னி" என்றார். எண்பது வருஷமாகியும் அது ஆறவில்லை.

உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிக்கவேண்டுமல்லவா? அந்த வீட்டு ஆள் எந்தக் கடைக்குள் காலை வைத்தாலும் முதலாளி உள்ளே பார்த்துக் குரல் கொடுப்பார்: "ஏலே, தண்ணி கொண்டா!" தாகமா என்று ஒருவரும் கேட்பதில்லை. வந்தவர் குடித்தே ஆகவேண்டும். குடித்த பிறகுதான் விலை பேசுவார்கள்.

பிழைத்த பிள்ளைக்கு இரண்டு மகன்கள். மூத்தவர் கிதர் முகம்மது தோலுக்கு உப்புத் தடவுகிற வேலையிலேயே நின்றுவிட்டார். இளையவர் அப்துல் லத்தீப் மேலே வந்தார். 1956-ல் அவருக்குச் சொந்தக் கிடங்கு, மோரிஸ் கார், நாகல் நகரில் மாடி வீடு. அண்ணனும் அந்தக் கிடங்கில்தான் வேலை. லத்தீப் காரிலிருந்து இறங்கினாலும் தண்ணீர் வந்தது. முன்பு அலுமினிய டம்ளரில் வந்தது இப்போது வெள்ளி டம்ளரில் வந்தது. மரியாதை கூடியிருந்தது அந்த மட்டும்தான்.

அவர் மகள் கமர்ஜஹானுக்கு இருபத்திரண்டு வயது. இரண்டு சம்பந்தம் பேசி முறிந்துவிட்டது. "பொண்ணக் குத்தம் சொல்ல முடியாது. வீட்டுப் பேரைத்தான் வெளிய சொல்ல முடியல" என்று இரண்டாவது மாப்பிள்ளை வீட்டார் சொல்லியனுப்பினார்கள். மூன்றாவதாகக் கீரனூர் தோல் வியாபாரி நூர் முகமது தம் மகனுக்குக் கேட்டிருந்தார். இதுவும் போனால் மனைவியை இழந்த ஐம்பது வயதுக்காரர் ஒருவர் காத்திருந்தார். அவருக்குப் பேரைப் பற்றி ஆட்சேபம் இல்லை. பல் இல்லாதவர் பாக்கை ஏன் குறை சொல்லப்போகிறார்?

பெண் எடுக்கிறவர்கள் வீட்டுக்கு வருமுன் கடைவீதியில் விசாரிப்பார்கள் என்பது லத்தீபுக்குத் தெரியாதா? எந்தெந்தக் கடையில் விசாரிப்பார்கள் என்பதும் தெரியும். சுருட்டுக் கடை கஸ்பார், பூட்டுப் பட்டறை முத்துச்சாமி, காப்பிக் கடை பொன்னழகு ஆகிய மூவரையும் கூப்பிட்டு உட்காரவைத்து, புதிதாக ஒரு வரலாறு சொல்லிக்கொடுத்தார். அந்தக் காலத்தில் மலைக்கோட்டைக்கு உள்ளே எதிரி வராமல் தம் முப்பாட்டனார் ஒண்டியாக வாசலைக் காத்தாராம். ராஜா மகிழ்ந்துபோய், "நீயே என் உப்பைத் தின்றவன்" என்று பட்டம் சூட்டி, வெள்ளித் தட்டில் உப்பு வைத்துக் கொடுத்தாராம். கதை சொன்ன கையோடு மூவருக்கும் ஆளுக்கொரு ஜோடி புதுச் செருப்பும் கொடுத்தார். அண்ணனைத் தோல் பிடிக்க ஆத்தூருக்கு அனுப்பிவைத்தார்.

நூர் முகமது வந்தார். ஒல்லியான மனிதர். யாரிடமும் "ங்க" போடாமல் பேசமாட்டார். கழுத்தை அறுத்தாலும் மரியாதையாகத்தான் அறுப்பார்.

"ஏனுங்க, உப்புத்தின்னின்னு ஒரு வீடு. அந்தப் பேரு எப்படிங்க வந்துச்சு?" என்று கஸ்பாரைக் கேட்டார்.

"ராஜா குடுத்த பட்டம் பாய். வெள்ளித் தட்டுல உப்பு வச்சுக் குடுத்தாரு."

முத்துச்சாமியும் ராஜாவில் ஆரம்பித்து வெள்ளித் தட்டில் முடித்தார்.

பொன்னழகு காப்பியை ஆற்றிக்கொண்டே, "வெள்ளித் தட்டுங்க. இம்புட்டு அகலம்" என்று கையை விரித்துக் காட்டினார். வாய் சும்மா இருந்திருக்கலாம். "நீங்க கிதர் முகம்மதுவை மட்டும் தேடாதீங்க. அவரு ஊர்ல இல்ல, ஆத்தூரு போயிட்டாரு."

நூர் முகமது குனிந்து பொன்னழகின் காலைப் பார்த்தார். மூன்று கடையிலும் காதுக்கு ஒரே கதை வந்தது, கண்ணுக்கு ஒரே செருப்பு வந்தது. ஒரே தோலில் வெட்டிய செருப்பு என்று தோல்காரருக்கு வேறு யாரும் சொல்லவேண்டியதில்லை. மூன்று கடையில் ஒரே விலை சொன்னால் சரக்கில் பழுது. கேட்காத சரக்கை இல்லை என்று சொல்கிற கடையில்தான் அந்தச் சரக்கு இருக்கும். காப்பிக்குக் காசு கொடுத்துவிட்டு ஆத்தூர் பஸ்ஸைப் பிடித்தார்.

கிதர் முகம்மது ஒரு வேப்பமரத்தடியில் ஆட்டுத் தோல்களுக்கு உப்புத் தடவிக்கொண்டிருந்தார். கேட்டதும் நடந்ததை நடந்தபடி சொன்னார்.

"எங்க அத்தாவுக்கு அப்ப ஆறு வயசு. அந்த உப்பு இல்லேன்னா எங்க அத்தா இல்ல, நான் இல்ல, என் தம்பியும் இல்ல. நீங்க பொண்ணு எடுக்க வந்த வீடே இல்ல. இதுல வெக்கப்பட என்ன இருக்கு பாய்?"

"ஒண்ணுமில்லீங்க" என்றார் நூர் முகமது. உண்மையாகவே அவருக்கு அதில் ஒன்றும் தோன்றவில்லை. பஞ்சத்தில் யார் எதைத் தின்றால் என்ன? லத்தீப் மறைத்தார் என்பதுதான் அவருக்கு லாபம். மறைக்கிறவன் எந்த விலைக்கும் படிவான்.

மறுநாள் லத்தீபின் மாடி வீட்டில் சம்பந்தம் பேசினார்கள். கிடங்கில் மாப்பிள்ளைக்கு எத்தனை பங்கு என்பதை மண்டி வழக்கப்படி துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்தே முடித்தார்கள். லத்தீபின் முகம் இரண்டு தரம் வெளுத்தது. மூன்றாம் தரம் தலை ஆடியது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நூர் முகமது வாயைத் திறந்தார்.

"நேத்து ஆத்தூர்ல உங்க அண்ணனப் பாத்தனுங்க. வெள்ளித் தட்டு பத்தி அவருக்குத் தெரியவே இல்லீங்க."

லத்தீப் எழுந்து வாசல் கதவைச் சாத்தினார்.

"பரவாயில்லீங்க, பொண்ண எடுத்துக்கறோம். திண்டுக்கல் பூட்டுதான் பேர் போனது. ஆனா உங்க அண்ணன் வாய்க்குப் பூட்டுப் போட முடியாதுங்களே? ஆள அப்புறப்படுத்திருங்க. கிடங்குலயும் வேண்டாம், நிக்காவுலயும் வேண்டாம்."

"அவரு என்னை வளத்தவரு, சம்பந்தி."

"அதாலதாங்க கேக்கறேன். நீங்க சொன்னா மறுபேச்சு இல்லாமப் போயிருவாருங்களே."

திரைக்குப் பின்னால் நின்ற கமர்ஜஹான் அத்தனையும் கேட்டாள். வந்தவர்கள் போனதும் வெளியே வந்தாள்.

"அத்தா, எனக்கு இந்த மாப்பிள்ள வேணாம். பெரியத்தாவ வெரட்டிட்டுத்தான் கல்யாணம்னா, அந்த அம்பது வயசுக்காரருக்கே குடுங்க."

"வாய மூடு. அம்புட்டும் உனக்காகத்தான் பண்றேன்."

"எனக்காக இல்ல. நீங்க கார விட்டு எறங்கையில எவனும் தண்ணி கொண்டாரக் கூடாதுல்ல, அதுக்காக."

அவர் கை ஓங்கினார். அவள் நகரவில்லை. ஓங்கிய கையால் தலைத் தொப்பியைச் சரிசெய்துகொண்டு கிடங்குக்குப் போனார்.

அண்ணன் ஆத்தூரிலிருந்து தோல் கட்டோடு வந்து இறங்கியிருந்தார். லத்தீப் முகத்தைப் பார்க்காமல், "அண்ணே, நீ ஆத்தூருக்கே போயிரு. அங்கன ஒரு குடிசை பாத்துத் தாரேன். கல்யாணம் முடியட்டும்" என்றார்.

"முடிஞ்சா வரலாமா?"

லத்தீப் இறக்கிய தோல்களை எண்ண ஆரம்பித்தார்.

கிதர் முகம்மது கையிலிருந்த உப்பை உதறினார். "சரிடா, நான் போறேன். பேர எந்த ஊருக்கு அனுப்புவ?"

கல்யாணம் விமரிசையாக நடந்தது. பத்திரிகையில் வீட்டுப் பேர் இல்லை. பிரியாணிக்கு உப்புக் குறைவு என்று கஸ்பார் சொல்ல, பந்தியே சிரிப்பில் குலுங்கியது. முத்துச்சாமி எழுந்து, "ஏலே, மாமனாருக்குத் தண்ணி!" என்றார். கதை சொன்ன மூவரும் அந்தப் புதுச் செருப்பைப் போட்டுக்கொண்டுதான் வந்திருந்தார்கள்.

தலைப் பிரசவத்துக்குப் பெண்ணைத் தாய் வீட்டுக்கு அனுப்ப நூர் முகமது சம்மதிக்கவில்லை. பேரன் பிறந்த பிறகு லத்தீப் கீரனூருக்குப் போனார். காரை விட்டு இறங்கும்போதே சந்தோஷமாக இருந்தது. இது வேறு ஊர், மண்டிக்காரர்கள் யாரும் இல்லை. வாசலில் விளையாடிக்கொண்டிருந்த ஒரு பெண்பிள்ளை உள்ளே ஓடி, "உப்புத்தின்னி அக்கா! உங்க அத்தா வந்துருக்காங்க!" என்று கத்தியது.

அந்த வீட்டில் கமர்ஜஹானை ஒருவரும் கமர்ஜஹான் என்று கூப்பிடுவதில்லை. மாமியார், நாத்தனார், பால் ஊற்றுகிறவன், அக்கம்பக்கம் எல்லாருக்கும் அவள் உப்புத்தின்னிதான். ஜில்லாவுக்கு ஒன்றாக இருந்தது இரண்டாகிவிட்டது. நூர் முகமதுவின் தோளில் கிடந்த பேரனையும் சேர்த்தால் இன்னும் ஒரு தலைமுறைக்குச் சரக்கு இருப்பு.

"உக்காருங்க சம்பந்தி" என்று நூர் முகமது உள்ளே பார்த்தார். "ஏனுங்க அம்மணி, உங்க வீட்டு ஆளு வந்தா மொதல்ல என்ன குடுக்கணும்னு தெரியாதுங்களா?"

கமர்ஜஹான் வெள்ளி டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். லத்தீப் வாங்கிக் குடித்தார். பெண் வாழவேண்டிய வீடு. குடிக்காமல் எழுந்திருக்க முடியாது.

"பெரியத்தா எப்படி இருக்காங்க?" என்று கேட்டாள்.

"ஆத்தூர்ல..." லத்தீப் டம்ளருக்குள் பார்த்துக்கொண்டு சொன்னார். "போன மாசம் மௌத்தாயிட்டாரு. அங்கயே அடக்கம் பண்ணியாச்சு."

"எனக்குச் சொல்லி அனுப்பலியே?"

லத்தீப் நிமிர்ந்து சம்பந்தியைப் பார்த்தார். சம்பந்தி பேரனின் காலைப் பிடித்துக் கொஞ்சிக்கொண்டிருந்தார்.

கமர்ஜஹான் அழவில்லை. அவர் கையிலிருந்த காலி டம்ளரை வாங்கிக்கொண்டாள்.

"இன்னொரு டம்ளர் கொண்டாரட்டுமா அத்தா?" என்றாள்.