வீசாமல் விட்ட பந்து

"சித்தி, பெரிய கிரவுண்டுலயும் ஒன் பிட்ச் கேட்ச் அவுட்டா?"

அக்காள் மகள் கிரேஸி இதைக் கேட்டது, ஆட்டம் முடிந்து திரும்பும் வேனில், ஸ்டெஃபியின் மடியில் உட்கார்ந்துகொண்டு. தெருவில் ஒரு தடவை தரையில் குத்தி எழும் பந்தை ஒற்றைக் கையால் பிடித்தாலும் அவுட் என்பது பிள்ளைகளின் சட்டம். அதைச் சொல்லிக்கொடுத்தவளே ஸ்டெஃபிதான்.

"ஏ பிள்ள, உங்க சித்தி அஞ்சு விக்கெட் எடுத்துருக்கா. நீ என்ன சட்டம் பேசுத?" என்று அக்காள் தன் மகளின் தலையில் குட்டினாள். வேனே சிரித்தது. ஸ்டெஃபி மட்டும் சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மைதானத்தின் எல்லைக் கயிற்றுக்கு அப்பால் நேர் எதிரே உட்கார்ந்திருந்த குழந்தைக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது.

பெண்களுக்கான இருபது ஓவர் லீக்கில் அப்படி ஒரு பந்துவீச்சைச் சங்கர் நகர் மைதானம் அதுவரை பார்த்ததில்லை என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். அவளது இடது கைச் சுழலில் அன்று எல்லாம் வாய்த்தது. தூக்கிப் போட்ட பந்துக்கு இறங்கி வந்தவள் ஸ்டம்பிங் ஆனாள். திரும்பும் என்று நம்பி மட்டையை விலக்கியவளுக்குப் பந்து திரும்பாமல் போய் நடு ஸ்டம்பைச் சாய்த்தது. விக்கெட் விழுந்தால் சிலுவை போட்டுக்கொள்வது ஸ்டெஃபியின் வழக்கம். கடைசி ஓவர் முடியப்போகும் நேரத்தில் நான்கு முறை போட்டிருந்தாள்.

எதிரணிக்கு இருந்தது ஒரே விக்கெட். இரண்டு பந்தில் மூன்று ரன் வேண்டும். மட்டையோடு நின்றவள் ஸ்ரீவைகுண்டத்து ஆவுடைத்தாய். அவள் அடித்த பந்து தாழ்வாக, வந்த வழியே திரும்பியது. ஸ்டெஃபி பாய்ந்தாள். பந்து புல்லில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் விரல்களுக்குள் ஏறியது. விரல்களுக்கு அது நன்றாகத் தெரியும். அதற்குள் தோழிகள் கூவிக்கொண்டு ஓடிவந்துவிட்டார்கள்.

நடுவர்களுக்குச் சரியாகத் தெரியவில்லை. கேமராவில் திருப்பிப் பார்க்கும் வசதியும் அந்த ஆட்டத்துக்குக் கிடையாது. அப்படிப்பட்ட நேரத்தில் பிடித்தவளையே கேட்பதும், அவள் சொல்லை இரண்டு பக்கமும் ஏற்றுக்கொள்வதும் அங்கே பழக்கம். நடுவர் வாய் திறக்குமுன் ஆவுடைத்தாயே கேட்டாள்.

"பிடிச்சிட்டீங்களாக்கா?"

ஸ்டெஃபி ஆமென்று தலையசைத்தாள்.

"நல்லாப் போட்டீங்கக்கா." மட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஸ்டெஃபியின் முழங்கையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டுப் போனாள் ஆவுடைத்தாய்.

சிலுவை போட எழுந்த கை நெஞ்சோடு நின்றுபோனது. அதை யாரும் கவனிக்கவில்லை, மேலே இருந்து கவனிக்கிறவரைத் தவிர.

ஐந்து விக்கெட் எடுத்தவளுக்கே பந்து சொந்தம். அம்மா அதை மாதா படத்துக்கு முன்னால் கொண்டுபோய் வைத்தாள். சொந்த ஊரான உவரியில் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிவில் பங்குச் சாமியார் ஸ்டெஃபியின் பெயரைச் சொல்ல, கோயில் முழுக்கக் கைதட்டியது. அவள் காலைப் பார்த்தபடி நின்றாள். பெரியவர்கள் அதை அடக்கம் என்று புகழ்ந்தார்கள். அந்தப் புகழ்ச்சிதான் அவளை இன்னும் சுட்டது. வீட்டில் ஜெபம் சொல்லும்போது பந்து கண்ணில் படாத மூலையாகப் பார்த்து முழந்தாளிட ஆரம்பித்தாள்.

சீசன் முடிந்ததும் ஒரு தோழி சொன்னாள்: "ஆவுடைய டீம்ல இருந்து கழட்டி விட்டுட்டாங்கடி. கடைசி நேரத்துல பதறுதாளாம். இப்பம் கங்கைகொண்டான்ல கம்பெனி வேலைக்குப் போறா."

அன்றே ஸ்டெஃபி ஆவுடைத்தாயின் அணி மேலாளர் மகேஸ்வரனுக்குப் போன் செய்தாள்.

"அண்ணாச்சி, ஆவுடை அன்னைக்கு அவுட் இல்ல. பந்து கீழ பட்டுட்டு."

"அந்தப் பிள்ளையப் போட்டு நான் என்ன ஏச்சு ஏசினேன் தெரியுமா? அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லா, ம்மா."

"சொல்லியிருக்கணும் அண்ணாச்சி."

"சரி. அடுத்த செலக்சனுக்கு அவள வரச் சொல்லுதேன். நீ அவகிட்டப் பேசிட்டியா?"

இல்லை. அதுதான் எல்லாவற்றிலும் கடினமாக இருந்தது.

விடுமுறை நாள் காலையில் மாதா படத்தின் முன்னிருந்த பந்தை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு ஸ்ரீவைகுண்டத்துக்குப் பஸ் ஏறினாள். அணைக்கட்டுக்குப் பக்கத்துப் பொட்டலில் ஆவுடைத்தாய் தனியாக, மரக்கிளையில் பந்தைக் கட்டித் தொங்கவிட்டு அடித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா! என்ன இந்தப் பக்கம்?"

வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த பேச்சு எதுவும் வரவில்லை. "நான் பிடிக்கல, ஆவுடை. கீழ பட்ட பந்து."

ஆவுடைத்தாய் மட்டையின் பிடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "எனக்கும் லேசா சந்தேகம்தான்க்கா. ஆனா நீங்க தலையாட்டுனீங்க. நீங்க பொய் சொல்ல மாட்டீங்கன்னு நினைச்சேன்."

ஏசியிருந்தால் தாங்கியிருக்கலாம். ஸ்டெஃபி பையிலிருந்து பந்தை எடுத்தாள்.

"ஒரு பந்து மிச்சம் இருக்கு. ஒனக்கு மூணு ரன் வேணும். வா."

"விட்டுக் குடுத்துப் போட்டீங்கன்னா ஆட மாட்டேன் பாத்துக்கிடுங்க."

"போட மாட்டேன்."

போடவும் இல்லை. அன்று நடு ஸ்டம்பைச் சாய்த்த அதே திரும்பாத பந்தைத்தான் முழு மனதோடு வீசினாள். ஆவுடைத்தாய் இந்தத் தடவை பதறவில்லை. முன்காலை நீட்டி அடித்தாள். பந்து ஸ்டெஃபியின் கைக்கு எட்டாமல், பொட்டலைத் தாண்டி வாழைத் தோட்டத்துக்குள் உருண்டது.

ஸ்டெஃபி நடுவரைப் போலக் கையை இடமும் வலமும் வீசினாள். "நாலு" என்றாள்.

கேட்க அங்கே வேறு யாரும் இல்லை. அன்று நெஞ்சோடு நின்ற அவளுடைய கை தானாக நெற்றிக்குப் போயிற்று.