ஆறாத தட்டு

"ஐஸைத்தான் மாத்தணும்னு சொல்லுதேன், நீ…"

"ஐஸுல ஒண்ணும் இல்ல சார், வயரை…"

"வயரு, மீட்டரு எல்லாம் நேத்தே மாத்தியாச்சும்மா. இனி என்னையத்தான் மாத்தணும்."

"அப்போ தட்டு நெசமாவே சூடாத்தான் இருக்கு."

"ஹீட்டரை அணைச்சு ஒரு ராத்திரி போயிட்டு ஹெலன். இன்னுமா சூடு நிக்கும்?"

நிற்கிறதே சார் என்று வாய் வரை வந்தது, ஹெலன் விழுங்கிக்கொண்டாள்… காசளவு பித்தளைத் தட்டு, அதைச் சுற்றிக் கம்பளித் துணி, தட்டில் ஒட்டிய, சூட்டை அளக்கும் தெர்மோகப்பிள் கம்பியின் ஒரு முனை, மறுமுனை பிளாஸ்க்கில் பூஜ்ய டிகிரி ஐஸ் தண்ணீருக்குள், இரண்டு முனைக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் மீட்டர் சொல்லும், அதற்கு மேல் அதற்கு எதுவும் தெரியாது. சுவரில் தொங்கும் வெப்பமானி முப்பத்து நான்கு காட்டுகிறது, தட்டும் அதே அறையில்தான் கிடக்கிறது, அதற்கு மட்டும் ஏன் முப்பத்தேழு? காய்ச்சலும் இல்லை, குளிர்ச்சியும் இல்லை, உயிருள்ள உடம்பின் சூடு அது… போன மாதம் பனவடலிசத்திரம் விலக்கில் ஸ்கூட்டியோடு லாரிக்கு அடியில் போன அபிதா உட்கார்ந்திருந்ததும் இதே ஸ்டூல்தான், அக்கா மீட்டர் ஆடுது, அக்கா கரண்டு போயிட்டு, நாள் முழுக்க அக்கா அக்கா… செத்தவர்கள் பித்தளையில் வந்து ஒண்டிக்கொள்வார்களா? போதகரிடம் கேட்டால் தலையில் கைவைத்து ஜெபிக்க ஆரம்பித்துவிடுவார்.

நாறும்பூநாதன் சார்தான் அபிதாவுக்கும் வழிகாட்டி. அவள் ஆய்வேடு முடிந்து மேசையில் இருக்கிறது, அவர் கையெழுத்துப் போட்டால் பட்டத்தை அவள் அம்மா மைமூனம்மாள் மேடையேறி வாங்குவாள். அவள் ரீடிங்கை இதே தட்டில் சரிபார்க்காமல் போடமாட்டேன் என்கிறார், மனசு கேட்காதாம், அந்த மனசில் இடி விழ… அவர் பிளாஸ்க்கில் விரலை விட்டு நாக்கில் வைத்தார்.

"ஐஸ் எங்கன வாங்குன?"

"லேப் ஃபிரிட்ஜ்தான் ஓடலையே சார். மார்க்கெட்ல, மீன் கடையில."

"கல்லுப்புப் போட்ட ஐஸ். இதுல குழம்பே வைக்கலாம். உப்பு சேர்ந்தா பூஜ்யத்துக்குக் கீழ போயிரும்லா, அங்க மூணு கீழ போனா இங்க மூணு கூடக் காட்டும்." பிறகு குரல் தணிந்தது. "அபிதாவும் அந்தக் கடையிலதான வாங்குவா?"

அபிதாவுக்கு அந்தக் கடையைக் காட்டிக்கொடுத்தவளே ஹெலன்தான், போடி, நீ பாட்டுக்கு வாங்கு, அவன் ஐஸுக்குத் துட்டு கேக்க மாட்டான் என்று சொன்னதும்… அப்படியானால் அபிதாவின் அத்தனை ரீடிங்கும் தப்பு, மூன்று வருஷமும் தப்பு, மைமூனம்மாளிடம் யார் போய்ச் சொல்வது, மீன் ஐஸ் என்று சொன்னால் அந்த அம்மாளுக்கு என்ன விளங்கும்? உப்புத் தண்ணீரைக் கொட்டிக் கழுவிவிட்டு, கேண்டீனிலிருந்து வாங்கி வந்த நல்ல ஐஸை சார் பிளாஸ்க்கில் போடுகிறார், கலக்குகிறார், வேண்டாம் சார், கொஞ்சம் பொறுங்க…

மீட்டர் இறங்கியது. முப்பத்தாறு, முப்பத்தைந்து, முப்பத்து நான்கு. "பாத்தியா" என்றார் சார், அந்தக் குரலில் ஜெயித்த தோரணை இல்லை. போகிறாள், அவ்வளவுதான், உப்புதான், அபிதா இல்லை… இருடி, போகாத, கொஞ்சம் இருந்துட்டுப் போ… எண் அங்கேயே நின்றது, ஃபேன் சத்தம் கேட்டது, பிறகு மெல்லத் திரும்பியது, முப்பத்தைந்து, முப்பத்தாறு, முப்பத்தாறரை. ஹெலனுக்குச் சிரிப்பு வந்தது, பாருங்க சார், நல்ல ஐஸிலும் ஏறுது, அபிதா எழுதியது எல்லாமே சரி, கையெழுத்தைப் போடுங்க… சார் பேனாவைத் தேடவில்லை. மீட்டரிலிருந்து பார்வையை எடுத்து, புடைத்திருந்த கம்பளித் துணியைப் பார்த்தார், பிறகு அவள் தோளைப் பார்த்தார். வலது கை மேசை விளிம்பை இறுகப் பிடித்திருப்பது அவளுக்குத் தெரிந்தது. மற்றக் கை எங்கோ இதமாக இருந்தது.

"ஹெலன், ஒன் இடது கை எங்கம்மா இருக்கு?"