டேப்பட் சத்தம்

என் மோட்டார் சைக்கிளை என் அண்ணன் தன் காப்பிக் கடை வாசலில் பூந்தொட்டி மாதிரி நிறுத்தி வைக்கப்போகிறானாம். இதை அவன் என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து, நான் போட்டுக் கொடுத்த காப்பியைக் குடித்துக்கொண்டே சொன்னான்.

"எண்ணெயெல்லாம் எடுத்துட்டு, ஒரு மேடை கட்டி, சக்கரத்தை போல்ட் போட்டு முடுக்கிட்டா அசையாது. கடைக்கு வர்றவங்க மேல உக்காந்து போட்டோ எடுத்துக்குவாங்க. வாசல்ல ஒரு பழைய வண்டி நின்னா கடைக்கே ஒரு கெத்தாம். டிசைன் பண்றவர் சொன்னாரு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்பா போன பிறகு, அவர் ஓட்டிய இதே வண்டியைக் காலால் எத்தி, "இந்தத் துருப்பிடிச்ச இரும்பை யாராவது தூக்கிட்டுப் போங்கப்பா, இடத்தை அடைக்குது" என்றவன் இவன்தான். பழைய இரும்புக்காரரின் தள்ளுவண்டி வாசலுக்கே வந்துவிட்டது. நான் குறுக்கே விழுந்து, எனக்குக் கொடு என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று தள்ளிக்கொண்டு வந்தேன். துருவைத் தேய்த்தேன், டயர் மாற்றினேன், உதைத்துக் கிளப்பப் பழகினேன். கிக்கர் திருப்பி அடித்த தழும்பு என் கணுக்காலில் இன்னும் இருக்கிறது. நான் வேலை பார்க்கும் மூக்குக் கண்ணாடிக் கடைக்குத் தினமும் இந்த வண்டியில்தான் போய்வருகிறேன். அப்போதெல்லாம் யாருக்கும் கெத்து தெரியவில்லை.

"தர முடியாது" என்றேன்.

"ஏம்மா, வண்டி உன்கிட்ட பாழாப் போகுது. தெருமுனையில வரும்போதே டக்டக்குனு கேக்குது. நாளைக்கு நடு ரோட்ல நின்னுட்டா யாரு தள்றது?"

சத்தம் வந்தது உண்மைதான். ஒரு மாதமாக இன்ஜினின் வலப்பக்கம் யாரோ உள்ளேயிருந்து கதவைத் தட்டுவதுபோல் கேட்டுக்கொண்டிருந்தது. அதை வைத்தே அண்ணன் சித்தப்பாவிடம் போய்ப் பற்றவைத்துவிட்டான். அப்பா இல்லாத வீட்டில் அவர்தான் பெரியவர், அவர் சொன்னால் சொன்னதுதான். அடுத்த நாளே தீர்ப்பு வந்துவிட்டது.

"ஒரு வாரம் டைம் தரேன். அடுத்த ஞாயித்துக்கிழமை நானே வந்து காதால கேப்பேன். வண்டி ஒழுங்கா இருந்தா உன்கிட்டயே இருக்கட்டும். இல்லன்னா அண்ணன்கிட்ட கொடுத்துடு. அடம் பிடிக்கக் கூடாது."

என் வண்டிக்கு எனக்கே ஒரு வாரம் டைம்! யார் வீட்டு நியாயம் இது? ஆனாலும் தலையாட்டினேன். சித்தப்பா எப்படிப்பட்டவர் என்று எனக்குத் தெரியாதா? ஒருநாள் எங்கள் கடைக்குக் கண்ணாடி வாங்க வந்தவரை, வாங்க, வீட்டில் விடுகிறேன் என்று கூப்பிட்டேன். "பொம்பளைக்குப் பின்னால உக்காந்து போறதுக்கு நடந்தே போயிடலாம்" என்று அந்த வெயிலில் நடந்தே போனார் மனுஷர்.

நான் அதுவரை பிளக்கைத் துடைத்ததற்கு மேல் இன்ஜினில் கை வைத்ததில்லை. ஆலோசனைக்கு மட்டும் பஞ்சமே இல்லை. மாடி வீட்டு வாத்தியார் பிஸ்டன் போச்சு என்றார். துணி தேய்ப்பவர் செயின் என்றார். சைக்கிள்கூட ஓட்டத் தெரியாத எதிர்வீட்டுக்காரர் மொத்த இன்ஜினையும் பிரித்தே ஆகவேண்டும் என்றார். இதையெல்லாம் என்னிடமா சொன்னார்கள்? கையில் கரியோடு குந்தியிருக்கும் என்னைத் தாண்டி, வாசற்படியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த என் கணவரிடம் சொன்னார்கள். "உங்க வண்டியைக் கவனிங்க சார்" என்று! அவருக்கு வண்டி ஓட்டவே தெரியாது. பின்னால் உட்காரத்தான் தெரியும்.

போனில் ஒரு வீடியோ கிடைத்தது. பேசியவரின் மொழி புரியவில்லை, முகமும் தெரியவில்லை. விரல்கள் மட்டும் தெரிந்தன, அது போதும். சிலிண்டரின் பக்கத்தில் ஒரு சின்ன மூடி. கழற்றினால் உள்ளே இரண்டு கம்பிகள் நிற்கும். இன்ஜின் மூச்சு விடும் வால்வுகளைத் தள்ளித் திறப்பது அவைதான். கம்பிக்கு மேல் இடைவெளி அதிகமாகிவிட்டால் தட்டும். டேப்பட் சத்தம் என்கிறார்களே, அது இதுதான். அவர் ஒரு ஸ்பானரால் பிடித்து இன்னொன்றால் திருகினார், நட்டை முடுக்கினார், கடைசியில் கம்பியை இரண்டு விரலால் சுழற்றிக் காட்டினார்.

நான் என்ன செய்தேன்? சுழல்கிறது என்றால் லூஸ் என்றுதானே அர்த்தம், பாவம் மனுஷர் சரியாக முடுக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, அவரைவிடக் கெட்டிக்காரியாக, கம்பி இம்மியும் அசையாதபடி முடுக்கிவிட்டேன்.

உதைத்தேன். அடேயப்பா! சத்தம் போன இடம் தெரியவில்லை. என் கணவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு வந்து பார்த்தார். வாத்தியார் மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, "நல்ல மெக்கானிக் கிடைச்சிட்டாரு போல" என்றார், அவரிடம். அன்றைக்கு அதுகூட எனக்கு உறைக்கவில்லை.

மறுநாள் கடைக்குப் போகும் வழியில் பாதித் தூரத்தில் வண்டி இழுக்காமல் திணறியது, பிறகு அணைந்தே போனது. உதைத்தால் கிக்கர் வெண்ணெயில் இறங்குவதுபோல் வெறுமனே இறங்கியது. உள்ளே காற்றுப் பிடிப்பே இல்லை. தள்ளிக்கொண்டு வந்தேன். வழியெல்லாம் சிரித்தவர்களை நான் மறக்கமாட்டேன். அதில் ஒருவருக்குப் போன மாதம்தான் கண்ணாடி மாட்டிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து வெறுப்பில் சும்மா விட்டுவிட்டேன். சாயங்காலம் ஆற்றாமையில் ஓர் உதை உதைத்தால், கிக்கரில் பழைய கனம் இருந்தது. வண்டி கிளம்பியும்விட்டது. சூடானபோது படுத்துக்கொண்டது, ஆறியதும் எழுந்துவிட்டது. அப்போதுதான் தலையில் அடித்துக்கொண்டேன். தினமும் கண்ணாடிக் காலில் திருகு போடுகிறவள் நான். ஒரேயடியாக முடுக்கினால் கால் மடங்காது என்று புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான்தானே சொல்லித்தருகிறேன்? இரும்பு சூட்டில் நீளும். நீள இடம் கொடுக்காமல் முடுக்கினால் வால்வு எப்படி மூடும்? மூடாமலே ஓட்டினால் கருகிப்போகும். இடைவெளி வேண்டும். இடைவெளி இருந்தால் கொஞ்சம் சத்தமும் இருக்கும்.

ஆறவைத்து மறுபடி திறந்தேன். கம்பி விரலுக்குச் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. அந்த இடம் கைக்குப் பிடிபடும் வரை திருகினேன், தளர்த்தினேன், திருகினேன். கதவைத் தட்டும் சத்தம் போய், தையல் எந்திரம் ஓடுவதுபோல் மெல்லிய டிக்டிக் மட்டும் மிஞ்சியது. மீதி வாரம் முழுக்க ஓட்டினேன். வண்டி ஒரு இடத்திலும் நிற்கவில்லை.

சனிக்கிழமை என் கணவர் மெல்ல ஆரம்பித்தார். "அவங்க முன்னாடி அரை மணி நேரம் சத்தம் இல்லாம இருந்தா போதும்ல? இன்னிக்கு முடுக்கி வை. அவங்க போனதும் லூஸ் பண்ணிக்கோ."

"அந்த அரை மணி நேரத்துல வால்வு கருகினா, நீங்க வாயால ஊதிச் சரி பண்ணுவீங்களா?"

"உன் நல்லதுக்குத்தான் சொன்னேன்."

"நான் ஒழுங்காச் செஞ்ச வேலையை எதுக்குங்க கெடுத்துக் காட்டணும்?" என்று கத்திவிட்டேன். ஆனால் பொய் சொல்வானேன், ஸ்பானரை எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் திரும்ப வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா வந்தார். அண்ணன் கூடவே தன் சிநேகிதர் ஒருவரையும் கூட்டிவந்தான். ஸ்கூட்டர் ஷோரூம் மெக்கானிக்காம், சட்டைப் பையில் ஷோரூம் பேரே தைத்திருந்தது. நான் ஒரே உதையில் கிளப்பினேன். சித்தப்பா காதில் கையை வைத்துக் குனிந்தார்.

"டிக்டிக்குனு கேக்குதேம்மா."

"அது இருக்கணும் சித்தப்பா. சூடானா இரும்பு நீளும், அதுக்கு இடம்..."

"கேட்டீங்களா!" என்று அண்ணன் குதித்தான். "சத்தம் போகல. இருக்கணுமாம்! காதுல பூ சுத்தறா."

ஷோரூம்காரர் சிரித்தார். "டேப்பட் லூஸும்மா. ரெண்டு நிமிஷ வேலை." கேட்காமல் கொள்ளாமல் என் ஸ்பானரை எடுத்தார். சூடு ஏறுமுன்பே அணைத்து, மூடியைக் கழற்றி, முறுக்கு முறுக்கென்று முறுக்கினார். நான் அன்றைக்குச் செய்த அதே அசட்டு வேலை!

"அப்படி முடுக்காதீங்க, கம்பி சுழலணும்" என்றேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. "வண்டி நின்னுடும்" என்றேன். "பெரியவங்க பேசும்போது கொஞ்சம் வாயை மூடிட்டு இரு" என்றான் அண்ணன். கிளப்பினார்கள். சத்தமே இல்லை.

"இவ்வளவுதான் விஷயம். இதுக்கு ஒரு வாரம்!" என்றார் சித்தப்பா. "சரிம்மா, அடம் பிடிக்காம சாவியைக் கொடு."

சாவியை நீட்டினேன். "எடுத்துட்டுப் போண்ணே. ஆனா வேன்ல ஏத்திட்டுப் போகக் கூடாது. ஓட்டிட்டுப் போ. அதான் சத்தம் போயிடுச்சே!"

அவனால் எப்படி மாட்டேன் என்று சொல்ல முடியும்? மீசையைத் தடவிக்கொண்டு ஏறினான். சித்தப்பாவும் பந்தாவாகப் பின்னால் உட்கார்ந்தார். பூனை மாதிரி போனது வண்டி. தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். என் பேச்சை நிரூபிக்க என் வண்டிதானே வேக வேண்டியிருக்கிறது என்று வயிறு எரிந்தது. ஷோரூம்காரர் என் கணவரிடம் காப்பி கிடைக்குமா என்று கேட்டார்.

காப்பி ஆறுவதற்குள் எல்லாம் அவர்கள் திரும்பி வரவில்லை. வெகு நேரம் ஆயிற்று. முதலில் மாடி வாத்தியாரின் சிரிப்புத்தான் கேட்டது. வாசலுக்கு ஓடினேன். ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு அண்ணன் வியர்வையில் தொப்பலாக நனைந்து வர, பின்சீட்டில் இரண்டு கையையும் ஊன்றிச் சித்தப்பா தள்ளிக்கொண்டு வந்தார். மனுஷருக்கு மூச்சு இரைத்தது, கண்ணாடி மூக்கு நுனிக்கு வழுக்கியிருந்தது.

ஷோரூம்காரர் ஓடிப்போய் இன்ஜினில் கை வைத்து, ஆ என்று உதறினார்.

"நீ என்னமோ பண்ணி வச்சிருக்க" என்றான் அண்ணன். "உடனே சரி பண்ணு!"

"சூடு ஆறணும். அதுவரைக்கும் ஒருத்தரும் வாயைத் திறக்கக் கூடாது" என்றேன். சித்தப்பாவுக்குத் தண்ணீர் கொடுத்தேன். மற்றவர்களுக்கு என் கணவர் கொடுத்தார்.

ஆறிய பிறகு ஸ்பானரைக் கேட்டு வாங்கினேன். திறந்தேன், தளர்த்தினேன், சரிபார்த்தேன். சித்தப்பாவின் விரலைப் பிடித்துக் கம்பியில் வைத்தேன். "சுத்துங்க." சுற்றிப் பார்த்தார். மேலும் கீழும் ஆட்டிப் பார்க்கச் சொன்னேன். ஆடவில்லை. ஒரே உதை. டிக்டிக் டிக்டிக் என்று ஓடியது. வால்வுக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்கு அப்போதுதான் உயிர் வந்தது.

அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. "என்ன இருந்தாலும் இது அப்பா வண்டி..." என்று இழுத்தான்.

"விடுப்பா. அவகிட்டயே இருக்கட்டும்" என்றார் சித்தப்பா. பிறகு கால்களைப் பிடித்துவிட்டுக்கொண்டே என்னைப் பார்த்தார். "என்னைக் கொஞ்சம் வீட்ல விட்டுடும்மா. கால் ரெண்டும் விட்டுப்போச்சு."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பின்னால் ஏற்றிக்கொண்டேன். வாத்தியார் மாடியிலிருந்து கைதட்டினார்.

சித்தப்பா வீட்டுக்குப் போகும் வழியில்தான் அண்ணனின் புதுக்கடை. இன்னும் திறக்கவில்லை, கண்ணாடிக் கதவெல்லாம் காகிதம் ஒட்டியிருந்தது. வாசலின் இடப்பக்கம் ஒரு சிமெண்டு மேடை. பூச்சு காய்ந்து வெளுத்திருந்தது. மேலே போல்ட்டுகள் நீட்டிக்கொண்டிருந்தன. என் வண்டியின் சக்கரங்களுக்கு அளவெடுத்த இடைவெளியில்!

வண்டியை நிறுத்தினேன். "இது எப்ப கட்டினது?"

"அதுவா? போன மாசமே கட்டியாச்சே" என்றார் சித்தப்பா பின்னாலிருந்து, சகஜமாக. "அவன் அந்தப் பக்கம் வைக்கலாம்னான். நான்தான் கூட நின்னு, இந்தப் பக்கம் கட்டு, வண்டி மேல வெயில் படாதுன்னு சொன்னேன்."

"போன மாசமா? அப்ப எனக்கு ஒரு வாரம் டைம் கொடுத்தீங்களே, அது?"

"உனக்கு மனசு கஷ்டமா இருக்கக் கூடாதுல்லம்மா. ஒரு வாரம் முட்டி மோதிப் பாத்தா, முடியலன்னு நீயே விட்டுக் கொடுத்துடுவேன்னு நெனச்சோம்." சிரிக்க வேறு சிரித்தார்.

நான் கை கிழியத் திருகியதும், தெருவெல்லாம் சிரிக்கத் தள்ளியதும், சனிக்கிழமை ஸ்பானரை எடுத்துத் திரும்ப வைத்ததும், எல்லாம் சிமெண்டு காய்ந்த பிறகு நடந்த கூத்து.

"இறங்குங்க சித்தப்பா."

"வீடு இன்னும் ரெண்டு தெரு தள்ளில்ல இருக்கு?"

"இறங்குங்க."

இறங்கினார். என்னையும் தெருவையும் மாறி மாறிப் பார்த்தார். "என்னால நடக்க முடியாதும்மா."

"மேடை இருக்குல்ல. நீங்க நின்னு கட்டினதுதானே? உக்காந்து இளைப்பாறிட்டுப் போங்க. வெயில் படாது."

கியரைப் போட்டுக் கிளம்பினேன். தெருமுனையில் திரும்பும்போது வண்டிக் கண்ணாடியில் பார்த்தேன். போல்ட் குத்தாத இடமாகத் தடவிப் பார்த்து, சித்தப்பா அந்த மேடையில் உட்கார்ந்துகொண்டிருந்தார்.