இரண்டாம் நாவலின் அவசரம்

ஏன் வர மாட்டேன் என்கிறது, இதில் அப்படி என்ன கஷ்டம், 'கதவைத் திறங்க, நான் வந்துட்டேன்', பள்ளிக்கூடப் பிள்ளை படித்துவிடும், ஆனால் இந்த மினியாபொலிஸில் இத்தனை வருடமாக ஒலிப்புத்தகங்களுக்குக் குரல் கொடுத்தே பிழைக்கிற கொரினின் வாயில் மட்டும் 'க' கட்டையாய் விழுகிறது... ஹெட்போனில் ஒலிப்பதிவுக்காரன் லைல், "என்னம்மா, அவங்க கதவத் தொறக்குறதுக்குள்ள பனி உருகிடும் போலிருக்கே" என்கிறான், "நீ வாய மூடு, இல்லேன்னா நீயே வந்து படி" என்று சொல்லிவிட்டுப் பச்சை ஆப்பிள் துண்டு ஒன்றைக் கடித்தாள். புளிப்பு பட்டால் எச்சில் ஊறும், எச்சில் ஊறினால் நாக்கு அண்ணத்தில் ஒட்டாது, 'டிக் டிக்' என்ற சத்தம் மைக்கில் விழாது, ஆக வாய் சரிதான், பிறகு எதில் கோளாறு? நாவலின் நாயகி வில்லாவிடமா? நிலவுச் சுரங்கத்தில் வேலை செய்கிற பதினாறு வயதுப் பெண், திக்குவாய், முதல் நாவலுக்காக அந்தத் திக்கலைக் கொரின் எவ்வளவு பழகினாள், உதட்டில் இல்லை அது, நாக்கின் அடி எழும்பித் தொண்டையை அடைத்துக்கொள்ள, மூச்சு அதன் பின்னால் முட்டிக்கொண்டு நிற்கும்... இரண்டாம் நாவலின் முதல் பக்கத்திலேயே காதுக்குப் பின்னால் அரிசி அளவு கருவி ஒன்றைப் பொருத்தித் திக்கலை எடுத்துவிட்டார்கள், ஒரே வரியில், சிரங்குக்குக் களிம்பு தடவுகிற மாதிரி! பதிப்பகத்துக்காரர்கள் வேறு எழுதியிருக்கிறார்கள், முதல் நாவலைவிட இது வேகமானது என்று. வேகமாம். யாருக்கு வேண்டும் அது?

தங்கை மொரீனுக்கா? பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள், முதல் நாவலைக் கேட்டுக் கேட்டுத் தேய்த்தவள், ஞாயிற்றுக்கிழமை போன் செய்து, "கொ... கொரின், அவ இதுலயும் என்ன மா... மாதிரிதானே பேசுறா?" என்றாள். "வந்ததும் கேட்டுப் பாருடி" என்று கொரின் நழுவினாள். என்ன சொல்வது, உன்னைச் சரிசெய்துவிட்டார்கள் என்றா? சின்ன வயதில் அவள் வாக்கியங்களை அப்பா முடித்து வைத்தார், டீச்சர் முடித்து வைத்தார், உணவகத்தில் 'க... க...' என்றாலே காபியைக் கொண்டுவந்து வைத்துவிடுவார்கள், அவள் கேட்க வந்தது கேரட் கேக், காபியைக் குடித்துவிட்டு வெளியே வந்து அழுவாள்... இப்போது இந்த எழுத்தாளரும் முடித்து வைத்துவிட்டார். முதல் நாவலில் வில்லாவை யாருமே முந்தவில்லையே, ஏன்? எல்லாரும் அவ்வளவு நல்லவர்களா? இல்லை, ரேடியோ. நிலவிலிருந்து பூமிக்குப் பேச்சு போய்ச் சேர ஒரு விநாடிக்குச் சற்று மேல், திரும்பிவர அதே அளவு, மொத்தம் இரண்டரை விநாடி, ஆக யார் பேசினாலும் எதிராளி காத்திருந்தே தீர வேண்டும், அந்தக் காத்திருப்புக்குள் அவள் திக்கல் யாருக்கும் உறுத்தவில்லை. இதிலோ எல்லாரும் ஒரே விண்கப்பலுக்குள், ஒருவர் பேச்சு அடுத்தவர் பேச்சை இடித்துக்கொண்டு ஓடுகிறது...

"கடைசியா பதிவானத போடு, லைல்."

"கேட்டுக்கோ. கேப்டன் பதில் சும்மா ஒட்டிக்கிட்டு வருது. எனக்குப் புடிச்சிருக்கு."

ஒட்டிக்கொண்டுதான் வருகிறது. கேப்டனுக்கும் கொரின்தானே குரல். வில்லாவாக வாயைத் திறக்கும்போதே கேப்டனின் பதிலுக்கான மூச்சையும் சேர்த்து இழுத்து வைத்துக்கொள்கிறாள், அந்த மூச்சுதான் தொண்டையில் முட்டி 'க'வை அடைக்கிறது. சீ, அப்பாவும் டீச்சரும் மட்டுமா முந்துகிறார்கள், இவளும்தானே... ஒப்பந்தப்படி ஒரு சொல்லையும் மாற்றக் கூடாது, சரி, மாற்ற வேண்டாம். இந்த நாவல் அந்த நாவல் ஆகாது, மொரீனுக்கு இது போதுமா என்றும் தெரியாது.

"லைல், இனிமே வில்லா பேசி முடிச்சதும் ரெண்டரை விநாடி நிறுத்துவேன், புது மூச்சு எடுத்துட்டுதான் அடுத்த ஆளு பேசுவான். அந்த இடைவெளிய வெட்டாத."