முதற்பிடிச் சாந்து

சித்தேரி மலைமுகடுகளில் காலைமுதல் தங்கிக் கிடந்த கருமுகில்கள், உச்சிப்பொழுது சாய்ந்ததும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு கீழிறங்கி, மரவள்ளிக் கொல்லைகளின்மீதும் மஞ்சள் வயல்களின்மீதும் நிழல் விரித்து, பாப்பிரெட்டிப்பட்டிச் சாலையில் விரைந்த ஊர்திகளை இன்னும் விரையச் செய்து, அச்சாலையினின்று பிரிந்த சிற்றூரின் கடைக்கோடியில் ஓடு வேய்ந்து நின்ற மாதப்பன் இல்லத்தை நோக்கி நகர்ந்தன. ஊரார்க்கு அது மழை. மாதப்பன் மனைவி தீர்த்தம்மாளுக்கோ, முகவரி கேட்டுக்கொண்டு தன் வீடு தேடி வரும் கூற்றுவன்.

ஏனென்று கேட்பீராயின், நற்றமிழ் அறிந்தோரே, சொல்கிறேன். தலைவாயிலின் மேல் சுவரைத் தாங்கிய பழைய மர உத்தரத்தைக் கறையான் தின்று வெறுங்கூடாக்கிவிட்டது. கொத்தனார் குரு, சுவரைத் துளைத்துக் கட்டைகள் செருகி, இருபுறமும் முட்டுக் கொடுத்து, முட்டுகளைக் குறுக்குச் சட்டத்தால் பிணைத்து, பழையதை உருவி, கற்காரையால் வார்த்த புதிய உத்தரத்தை முந்தைய நாளே ஏற்றிவிட்டார். எஞ்சியது, அவ்வுத்தரத்தின் முதுகுக்கும் மேற்சுவரின் அடிக்கும் நடுவே, விரல் நுழையும் அளவில் வாய்பிளந்து கிடந்த இடைவெளி. அதில் ஈரம் குறைந்த கெட்டிச் சாந்தையும் கற்சில்லுகளையும் திணித்து இறுக்கினாலன்றிச் சுவரின் பாரம் உத்தரத்தில் இறங்காது. அதுவரை மண்சாந்தால் கட்டிய அப்பழஞ்சுவரும், அதன்மேல் அமர்ந்த கூரையும், முட்டுகளை நம்பியே நின்றன. நனைந்தால் அந்நம்பிக்கையும் கரையும்.

அரைநாள் வேலையை அக்குடும்பத்தின் மரபு முடக்கிற்று. தலைவாயிலில் கைவைத்தால், முதற்பிடிச் சாந்தை அவ்வீட்டில் பிறந்த பெண்தான் இடவேண்டும். அவள் மாதப்பனின் தங்கை ராணியம்மாள், ஏரியூரில் வாழ்க்கைப்பட்டவள், காதுகுத்து விழாவில் தன் கணவரை அண்ணி ‘வாங்க’ என்று அழைக்கவில்லை எனச் சினந்து போனவள். தீர்த்தம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டு அவளை நேற்றே கைப்பேசியில் அழைத்தாள். “பார்க்கலாங்க அண்ணி” என்ற விடை வந்தது. இன்று நண்பகலில் மீண்டும் அழைத்தாள். மணி ஒலித்து ஓய்ந்ததேயன்றிக் குரல் வரவில்லை.

“அக்கா, ரெண்டாவது கலவையும் இறுகுதுங்க,” என்றார் குரு. “அண்ணன் ஒரு வார்த்தை சொன்னா முடிச்சிருவேன்.”

முற்றத்துக் கட்டிலில் மலைபோல் அமர்ந்திருந்த மாதப்பன் அசையவில்லை. “எந்தங்கச்சி வராம ஒரு பிடி வுழக்கூடாது. பொறந்தவ கண்ணு கலங்குனா வூடு வெளங்காது.”

“வூடு நின்னாத்தானுங்க வெளங்கறதுக்கு!” என்றாள் தீர்த்தம்மாள்.

“நீ அன்னைக்கே மாப்பிள்ளைய வாங்கன்னு கேட்டிருந்தா இந்தத் தொல்லையே இல்ல.”

“கேட்டேனுங்க! அவரு செல்லுல பேசிக்கிட்டே உள்ள போயிட்டாரு. அதுக்கு நான் சுவத்துக்கு அடியில சாவணுமா?”

“உங்க பஞ்சாயத்து முடியறதுக்குள்ள சுவரு தீர்ப்பு சொல்லிரும் போலிருக்குதுங்க,” என்றார் குரு, வானத்தைப் பார்த்து.

அவர் வாய் மூடுமுன் முதல்துளிகள் ஓட்டில் விழுந்தன. உத்தரத்தின் மேலே ‘படக்’கென்று ஓர் ஓசை! எறும்புச் சாரைபோல் ஒரு வெடிப்பு சுவரில் மேலேறிற்று. இடைவெளியினின்று செம்மண் பொலபொலவென உதிர்ந்தது.

தீர்த்தம்மாள் முந்தானையைச் செருகிக்கொண்டு சாரப்பலகையில் ஏறினாள்.

“ஏ புள்ள, எறங்கு! அது உனக்கு உரிமையில்ல!”

“நான் இந்த வூட்டுல பொறந்தவ இல்லீங்க. ஆனா இது வுழுந்தா அடியில கெடக்கப் போறவ நான்தான். எனக்கு அந்த உரிமை போதும். குரு, கலவையக் குடு!”

முதற்பிடியை அவள் திணித்தாள். குரு சில்லு செருகிச் சுத்தியலால் இறுக்கினார். சினமெல்லாம் கைகளில் இறங்க, கணவனையும் நாத்தியையும் அவ்விடைவெளியிலேயே வைத்து அடைப்பவள்போல் அவள் மேலும் மேலும் திணித்தாள். மழை வலுத்தபோது, யாரும் ஏவாமலே மாதப்பன் தார்ப்பாயைத் தூக்கிப் பிடித்துச் சுவரை மறைத்து நின்றான். வாய்மட்டும் முணுமுணுத்துக்கொண்டே இருந்தது.

கடைசிச் சில்லு இறுகிய வேளையில், சொட்டச் சொட்ட நனைந்தபடி ராணியம்மாள் முற்றத்தில் நின்றாள்.

“மூடியாச்சா?”

“மூடியாச்சு,” என்றாள் தீர்த்தம்மாள், சாந்துக் கையோடு. “திட்டறதுன்னா உள்ள வந்து திட்டு.”

“திட்டறதா? பாப்பிரெட்டிப்பட்டியில பஸ்ஸு எறங்கி வானத்தப் பாத்தேன். எனக்காவ இந்த அண்ணன் சுவத்தத் தொறந்து வெச்சிக்கிட்டு உக்காந்திருக்குமேன்னு ஓட்டமா ஓடியாந்தேனுங்க அண்ணி!” அவள் தமையன்பக்கம் திரும்பினாள். “நீங்க பாட்டுக்கு முடிங்கன்னு சொல்லத்தானே மத்தியானத்துலருந்து போனு போடறேன். செல்லு எங்கண்ணா?”

“அணைச்சு வெச்சிருக்கறேன்,” என்றான் மாதப்பன் மெல்ல. “நல்ல காரியத்துல மணியடிக்கக் கூடாதுன்னு...”

“எனக்குப் போட்டிருக்கலாமே ராணி? நான் போட்டப்பவும் எடுக்கல.”

ராணியம்மாள் மேலே, ஈரம் காயாத சாந்துக் கோட்டைப் பார்த்தாள். “உங்ககிட்டப் பேச ரோசமா இருந்துச்சுங்க.”

தீர்த்தம்மாளுக்கு அழுவதா அறைவதா என்று விளங்கவில்லை. “உன் ரோசத்துக்கும் இவரு சாங்கியத்துக்கும் நடுவுல ஒரு வூடே போயிருக்கும்!” என்று கூவியவள், அந்த மூச்சிலேயே, “சட்டம் குறுக்க நிக்குது, குனிஞ்சு வா,” என்றாள்.

எவர் கையால் இடைவெளி நிறைந்தது என்று சுவர் வினவவில்லை. நிறைந்ததும், தன் பாரத்தை மெல்ல இறக்கி வைத்தது. சாந்து இறுகும்வரை முட்டுகளும் குறுக்குச் சட்டமும் அங்கேயே நின்றன. அவ்வீட்டில் பிறந்தவரும் புகுந்தவரும், உரிமை கேட்டவரும் கேளாதவரும், அந்நாள்களில் தலைகுனிந்தே உட்சென்றனர்.