நடக்கக் கூடாத இரண்டு மணி நேரம்

காலை ஏழு மணிக்கு, அதுவும் வெறும் வயிற்றோடு, அப்பாவைக் கூட்டிக்கொண்டு எங்கேயும் போகக் கூடாது. டீச்சருக்கு அது தெரியும். ஆனால் முந்தின நாள் மாலையே சட்டையைத் தேய்த்துக் கதவில் மாட்டிவிட்டு, "நானும் வரேம்மா, தனியா உக்காந்து என்ன பண்ணுவே?" என்று கேட்ட மனிதரை என்ன சொல்லித் தடுப்பது?

அப்பா முப்பத்திரண்டு வருஷம் பஸ் ஓட்டியவர். டிப்போவில் அவருக்கு 'ஹாரன்' என்று பெயர். ரகசியம் என்றால் அவருக்கு என்னவென்றே தெரியாது. காதோடு காதாகச் சொல்கிறேன் பேர்வழி என்று குனிவார், தெருமுனை வரைக்கும் கேட்கும். இப்போது பார்வை பாதிதான். வலது காலில் இரண்டு விரல்களை எடுத்தாகிவிட்டது. கையில் ஊன்றுகோல், வயிற்றில் தினமும் இரண்டு வேளை இன்சுலின் ஊசி. குரலை மட்டும் எந்த நோயும் தொட முடியவில்லை.

டீச்சருக்கு நாற்பத்திரண்டு வயது. கணக்குப் பாடம். இடுப்பு கொஞ்சம் பெருத்திருந்தது, கழுத்துக்குப் பின்னால் தேய்த்தாலும் போகாத ஒரு கறுப்பு. போன வாரம் போய்க் காட்டியபோது டாக்டர் அந்தக் கறுப்பைத்தான் ரொம்ப நேரம் பார்த்தார். "சர்க்கரை சரியாத்தான் இருக்கு" என்று அவர் சொன்னதும் டீச்சர் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டாள்.

"உக்காருங்க. சர்க்கரையை அந்த அளவுல வைக்க உங்க உடம்பு எவ்வளவு இன்சுலினைக் கொட்டுதுன்னு பாக்கணும்" என்றார்.

அவள் வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது அப்பாவுக்கு உடனே புரிந்துவிட்டது. "ஸ்பீடு முள்ளு நாப்பதுல நிக்குது, சரியா? சமதரையில ஆக்சிலேட்டர்ல கால் லேசா பட்டாலே நாப்பது போகும். மேட்டுல அதே நாப்பதுக்கு அடிவரைக்கும் மிதிக்கணும். உள்ள உக்காந்திருக்கிறவன் முள்ளைப் பாத்துட்டு வண்டி நல்லாப் போகுதும்பான். எஞ்சின் படற பாடு டிரைவருக்குத்தான் தெரியும். உங்க டாக்டர் முள்ளைப் பாக்கலை, காலைப் பாக்கறேங்கறார். போய் டெஸ்ட்டை எடு" என்றார்.

லேப்பில் ரத்தம் எடுக்கும் பெண் சின்ன வயசுக்காரி, கை நிதானம். முதல் ஊசி வலிக்கவே இல்லை. பிறகு ஒரு பெரிய டம்ளர் குளுக்கோஸ் தண்ணீரைக் கொடுத்துக் குடிக்கச் சொன்னாள். திகட்டித் தொண்டையில் நின்றது. "இன்னும் மூணு தடவை எடுக்கணுங்க்கா. அரை மணி, ஒரு மணி, ரெண்டு மணி. சர்க்கரை, இன்சுலின் ரெண்டும் பாப்போம். இங்கேயே இருங்க" என்று ஒரு துண்டுப் பஞ்சை அழுத்திவிட்டுப் போனாள்.

டீச்சர் அப்பாவின் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். நாக்கில் அந்த இனிப்பு. ஜன்னலுக்கு வெளியே காலை வெயில். அவளுக்கு முப்பத்து நான்கு வருஷம் சட்டென்று கழன்று விழுந்துவிட்டது.

அவளுடைய எட்டாவது வயதில் ஆரம்பித்தது அது. வருஷத்துக்கு ஒரு நாள் டிரைவர்களுக்கு உடல் பரிசோதனை. அன்றைக்கு அவளுக்குப் பள்ளிக்கூடம் கிடையாது. "பரீட்சை அவருக்கு, லீவு உனக்கா?" என்று அம்மா திட்டுவாள். திட்டிக்கொண்டே தலையையும் பின்னிவிடுவாள். அப்பா உள்ளே போய்ச் சர்க்கரைத் தண்ணீர் குடித்துவிட்டு முகத்தை அஷ்டகோணலாகச் சுளித்துக்கொண்டு வருவார். அந்த முகத்தைப் பார்த்து அவள் விழுந்து விழுந்து சிரிப்பாள். எழுந்து கையை நீட்டுவாள். "போலாமாப்பா?"

பிறகு இரண்டு மணி நேரம் நடை. ஒவ்வொரு கடிகாரமும் ஒவ்வொரு நேரம் காட்டும் கடிகாரக் கடை. பிளாஸ்டிக் பைக்குள் மீன்களைத் தொங்கவிட்டிருக்கும் கடை. ரயில் பாலத்து ஏற்றம் வந்தால், "இங்க என்ன கியர்?" என்று கேட்பார். "ரெண்டு!" என்று கத்துவாள். திரும்பும்போது அவளுக்கு ஒரு ஐஸ் குச்சி. "ஒரு கடி கடிச்சுக்கோங்கப்பா" என்பாள். "இன்னிக்கு நான் தொடக் கூடாது" என்பார். கடைசி இரண்டு வருஷம் மட்டும் வாங்கிக் கடித்தார், அதுவும் பாதி ஐஸ் போகிற மாதிரி பெரிய கடி. தான் வளர்ந்துவிட்டதால் பங்கு கேட்கிறார் என்று அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

மற்ற நாளெல்லாம் அவள் எழுவதற்கு முன்னால் போய், தூங்கிய பிறகு வருகிற அப்பா. அந்த ஒரு நாள் மட்டும் முழுசாக அவளுடையவர். வாழ்க்கையில் மனசு நொந்த நேரத்திலெல்லாம் அவள் எடுத்துப் பார்த்துக்கொண்டது அந்த நடையைத்தான்.

"அப்பா, மெதுவா ஒரு சுத்து போயிட்டு வரலாமா? பழைய மாதிரி" என்றாள்.

"நடக்கக் கூடாது! உக்காரு!"

ஹாரன் முழு வேகத்தில் அடித்தது. பேப்பர் படித்துக்கொண்டிருந்த வழுக்கைத் தலைக்காரர் பேப்பரைக் கீழே போட்டார். உள்ளேயிருந்து லேப் பெண் ஓடி வந்தாள்.

"ஐயா சொல்றது சரிதாங்க்கா. நடந்தா தசை சர்க்கரையை இழுத்துக்கும். ரிசல்ட் நல்லா வரும், ஆனா பொய்யா வரும். நான் சொல்ல மறந்துட்டேன், ஐயாவுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தாள். வகுப்பில் அவள் கண்ணாடியைத் துடைத்தால் பிள்ளைகள் மூச்சுவிட மாட்டார்கள்.

"எப்படிப்பா தெரிஞ்சுது?"

அப்பா ஊன்றுகோலின் பிடியைத் திருகிக்கொண்டே இருந்தார். "நீ ரெண்டாம் கிளாஸ் படிக்கறப்பவே, சர்க்கரை எல்லையில நிக்குதுன்னு எழுதிட்டாங்கம்மா. தாண்டினா வண்டியை விட்டு இறக்கி ஷெட்டுல டயர் பாக்கப் போட்டுடுவாங்க. எனக்கு ஸ்டியரிங் இல்லாட்டி கையே இல்லாத மாதிரி. கூட ஓட்டினவன், டிப்போவுல 'கிளட்ச்சு'ன்னு கூப்பிடுவோம், அவன்தான் சொன்னான். தண்ணியைக் குடிச்சுட்டு ரெண்டு மணி நேரமும் விறுவிறுன்னு நட, இறங்கிடும்னு."

"அதுக்கு என்னை எதுக்குக் கூட்டிட்டுப் போனீங்க?"

"தனியாளை வெளியே விடமாட்டாங்க. குழந்தைக்குப் பசிக்குதுன்னு சொன்னா விட்டுடுவாங்க." ரகசியமாகச் சொல்வதாகத்தான் அவர் நினைத்தார். ஹால் முழுக்கக் கேட்டது.

அரை மணி ஊசிக்குக் கூப்பிட்டார்கள். டீச்சர் போய்க் கையை நீட்டினாள். இந்தத் தடவை வலித்தது. பரீட்சை ஹாலில் எத்தனை பிட்டுகளைப் பிடித்திருக்கிறாள்! சட்டைக் கைக்குள், சாக்ஸுக்குள், அளவுகோலின் பின்பக்கம். அப்பா கையோடு எடுத்துக்கொண்டு போன பிட்டு அவளேதான். கோபம் வந்தது, அதைவிட அழுகை வந்தது.

வெளியே வந்தவள் வாசல் கதவைப் பார்த்தாள். போய்விடலாம். வேகமாக நடந்தால் எல்லாம் சரியாகவே வரும், கழுத்துக் கறுப்பைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொள்ளலாம். அப்பா பாதிப் பார்வையில் அவளுடைய கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் உட்கார்ந்தாள், ஆனால் ஒரு நாற்காலி தள்ளி.

ஒரு மணி ஊசியும் ஆயிற்று.

"அப்பவே உண்மையைச் சொல்லியிருந்தா உங்க கண்ணு இருந்திருக்கும்" என்றாள் கடைசியில்.

"இருந்திருக்கும்."

"விரல் இருந்திருக்கும்."

"அதுவும் இருந்திருக்கும். அதனாலதான் இன்னிக்கு உன்கூட வந்தேன். எங்கேயாவது எழுந்து நடந்துடுவியோன்னு ராத்திரி பூரா பயம்."

வழுக்கைத் தலைக்காரரால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. "எத்தனை வருஷம்ங்க இப்படி ஓட்டினீங்க?" என்று கேட்டார்.

"நாலு" என்றார் அப்பா.

"ஆறு" என்றாள் டீச்சர், முகத்தைத் திருப்பாமலே. "எட்டு வயசுலேர்ந்து பதிமூணு வரைக்கும். கணக்காவது சரியாச் சொல்லுங்க."

"நாலுதாம்மா. அப்புறம் புது டாக்டர் வந்தார். தண்ணி குடிக்கிற டெஸ்ட்டையே எடுத்துட்டார். கண்ணு, பிரஷர் பாத்துட்டுக் கையெழுத்து. பத்து நிமிஷ வேலை."

டீச்சர் திரும்பினாள். "அப்ப அந்தக் கடைசி ரெண்டு வருஷம்?"

"கையெழுத்தை வாங்கிட்டு வெளியே வந்தேன். நீ பெஞ்சுலேர்ந்து எழுந்து கையை நீட்டினே. டெஸ்ட் இல்லேன்னு எப்படிச் சொல்றது? சொன்னா உனக்குப் பள்ளிக்கூடம், எனக்கு டூட்டி." அப்பாவின் குரல் முதல்முறையாக நிஜமாகவே தாழ்ந்தது. பக்கத்தில் இருந்தவருக்குக்கூடக் கேட்டிருக்காது. "அடுத்த வருஷம் நான் முழு நாள் லீவே போட்டுட்டேன். உள்ள சும்மா நின்னுட்டு, சர்க்கரைத் தண்ணி குடிச்ச மாதிரி மூஞ்சியைச் சுளிச்சுக்கிட்டு வந்தேன். நீ சிரிச்சே."

அந்தப் பெரிய கடி அவளுக்கு ஞாபகம் வந்தது. பாதி ஐஸ் போயிற்றே! சர்க்கரையைப் பற்றிக் கவலையே படாமல் கடித்த கடி. அவள் எழுந்து, நடுவில் விட்டிருந்த நாற்காலிக்கு வந்து உட்கார்ந்தாள். அந்த ஓரடிக்கு ரிசல்ட் ஒன்றும் மாறியிருக்காது.

இரண்டு நாள் கழித்து டாக்டர் தாளைப் பிரித்தார். நான்கு தடவையும் சர்க்கரை ஒழுங்காகத்தான் இருந்தது. இன்சுலின்தான் ஏறு ஏறென்று ஏறி, இரண்டு மணி நேரத்துக்குப் பிறகும் இறங்காமல் நின்றது. "எஞ்சின் மேட்டுல ஏறுது" என்றார் அப்பா. டாக்டருக்குப் புரியவில்லை, டீச்சருக்குப் புரிந்தது.

"பயப்படாதீங்க, சீக்கிரமே தெரிஞ்சுபோச்சு. இப்பப் பிடிச்சா திருப்பிடலாம். சாப்பாட்டைக் கொஞ்சம் மாத்தணும். முக்கியமா சாப்பிட்டதும் அரை மணி நடக்கணும்" என்றார் டாக்டர்.

"தினமுமா?" என்றார் அப்பா.

"தினமும்."

"நான் வருஷத்துக்கு ஒரு நாள் நடந்தேன் டாக்டர், அதுவும் நடக்கக் கூடாத நாளாப் பாத்து" என்றார். வெளியே காத்திருந்தவர்கள் எல்லாருக்கும் கேட்டது.

வாசலுக்கு வந்ததும் டீச்சர் கையை நீட்டினாள். "போலாமாப்பா?"

அப்பா ஊன்றுகோலை இடது கைக்கு மாற்றிக்கொண்டார். "பஸ் ஸ்டாப் வரைக்கும்தாம்மா என்னால முடியும்."

"போதும்" என்றாள். "நாளைக்கும் நடக்கணுமே."